குளிர்பதனப் பெட்டி விற்றவர் நுகர்வோர் செய்தியாளரான கதை

கேள்வி கேட்டவர் தம்மைப் பற்றிச் சொன்னது இவ்வளவு: வயது 31. உள்ளூர்ச் சேனலில் ஒரு ஜவுளிக் கடைக்கும் ஒரு வீட்டுமனை நிறுவனத்துக்கும் விளம்பரத்தில் தோன்றியிருக்கிறார். இப்போது இதழியல் பட்டயம் படிக்கிறார். நுகர்வோர் புகார்களை விசாரித்துத் தொலைக்காட்சியில் செய்தியாக்கும் வேலையில் சேர விரும்புகிறார். 'விளம்பரத்தில் முகம் காட்டிய ஒருத்தியை நாளை மக்கள் நம்புவார்களா, இப்படி யாராவது செய்து காட்டியிருக்கிறார்களா, இந்த வயதில் தொடங்குவது தாமதமா' என்பவை அவருடைய மூன்று ஐயங்கள்.

இரண்டாவது ஐயத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் மற்ற இரண்டுக்கும் விடை அதற்குள்ளேயே இருக்கிறது. செய்து காட்டியவர் இருக்கிறார். அமெரிக்கத் தொலைக்காட்சியில் நுகர்வோர் செய்தி என்ற தனித்துறையை உருவாக்கிய முன்னோடிகளுள் ஒருவரான பெட்டி ஃபர்னஸ், அதற்கு முன் அந்நாட்டிலேயே மிகவும் பெயர்பெற்ற விளம்பர முகமாக இருந்தவர்.

1916இல் நியூயார்க்கில் பிறந்தவர். பதின்ம வயதில் மாடலாக இருந்து, 1932இல் ஆர்.கே.ஓ. படநிறுவனத்தின் ஒப்பந்த நடிகையாக ஹாலிவுட்டுக்குப் போனார். முப்பதுக்கு மேற்பட்ட படங்களில் நடித்தும் நட்சத்திரமாகவில்லை. பெரும்பாலும் கதாநாயகன் கைவிட்டுப் போகும் பெண்ணின் வேடமே கிடைத்தது. திருப்பம் தொலைக்காட்சியில் வந்தது. 1940களின் இறுதியில் சி.பி.எஸ். நிறுவனம் 'ஸ்டூடியோ ஒன்' என்ற நாடகத் தொடரை நேரடியாக ஒளிபரப்பிக்கொண்டிருந்தது. அதற்குப் பணம் கொடுத்த வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் விளம்பரமும் நாடகத்தின் நடுவே நேரடியாகத்தான் போகும். விளம்பரம் பேச வந்த நடிகர் தடுமாற, நாடகத்தில் நடிக்க வந்திருந்த ஃபர்னஸ் அந்த இடத்தில் நின்று பேசினார். அதன்பின் 1960 வரை, ஏறத்தாழ 11 ஆண்டுகள், அடுப்பையும் சலவை இயந்திரத்தையும் குளிர்பதனப் பெட்டியையும் திறந்து மூடி விளக்கியவர் அவரே. 'வெஸ்டிங்ஹவுஸ் என்றால் உறுதியாக நம்பலாம்' என்ற பொருளில் அமைந்த வாசகத்தை அவர் எத்தனை முறை சொன்னார் என்பதற்குக் கணக்கில்லை. 1952இல் சிகாகோவில் நடந்த இரு கட்சிகளின் மாநாட்டு ஒளிபரப்புக்கும் அதே நிறுவனமே புரவலர் என்பதால், வேட்பாளர்களைக் காட்டிலும் அதிக நேரம் திரையில் நின்றவர் ஃபர்னஸ்தான் என்று அப்போது வேடிக்கையாகச் சொல்வார்கள்.

இங்கே ஒரு சம்பவத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது. 1954இல் ஒருநாள் நேரடி விளம்பரத்தில் குளிர்பதனப் பெட்டியின் கதவு திறக்க மறுத்துவிட்டது. விளக்கிக்கொண்டிருந்த பெண் புன்னகை மாறாமல் கைப்பிடியோடு மல்லுக்கட்டுவதை நாடே பார்த்தது. பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் மக்கள் அந்தக் காட்சியை ஃபர்னஸின் பெயரோடு சேர்த்தே நினைவுகூர்ந்தார்கள். உண்மையில் அன்று நின்றவர் அவரல்லர், அவருக்குப் பதிலாக வந்திருந்த ஜூன் கிரஹாம் என்ற நடிகை. அந்த இடத்தில் இல்லாதவர் மேல் பழி விழுந்ததற்குக் காரணம், பொருளும் முகமும் மக்கள் மனத்தில் ஒன்றாகவே ஒட்டிவிட்டன என்பதுதான். உங்கள் முதல் ஐயத்தின் வேர் இதில் இருக்கிறது. ஜவுளிக் கடைக்காரர் சாயம் போகும் புடவையை விற்றால், விற்றது அவராக இருந்தாலும், கேட்பவர்கள் உங்களையும் ஒரு வார்த்தை கேட்பார்கள்.

1960இல் வெஸ்டிங்ஹவுஸ் ஒப்பந்தம் முடிந்ததும் ஃபர்னஸ் செய்தித் துறைக்குள் நுழைய முயன்றார். நிலையங்கள் கதவைத் திறக்கவில்லை. 'குளிர்பதனப் பெட்டி விற்கும் பெண்' செய்தி சொன்னால் யார் நம்புவார்கள் என்பதே காரணம். அந்த மறுப்பை நான் அநியாயம் என்று சொல்லமாட்டேன். அந்த நேரத்தில் அவரிடம் விற்கும் திறமை மட்டுமே இருந்தது. விசாரிக்கும் பயிற்சி இல்லை. வானொலியில் பேசினார், உள்ளூர் நிகழ்ச்சி நடத்தினார், ஜனநாயகக் கட்சிக்காக உழைத்தார், வறுமை ஒழிப்புத் திட்டங்களுக்கு ஊர் ஊராகச் சென்று தொண்டர்களைத் திரட்டினார்.

அந்த உழைப்பைப் பார்த்தே 1967இல் அதிபர் லிண்டன் ஜான்சன் அவரை நுகர்வோர் விவகாரங்களுக்கான தம் சிறப்பு உதவியாளராக நியமித்தார். 1962 மார்ச் 15 அன்று அதிபர் கென்னடி நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய செய்தியில் பாதுகாப்பு, தகவல், தேர்வு, முறையீடு என நுகர்வோரின் நான்கு உரிமைகளை வகுத்திருந்தார். அந்த நாளே இன்று உலக நுகர்வோர் உரிமை நாள். அந்தச் செய்தியின் தொடர்ச்சியாக 1964இல் உருவான பதவியில் முதலில் இருந்தவர் தொழிலாளர் இயக்கத்தில் ஊறிய எஸ்தர் பீட்டர்சன். அவருடைய நாற்காலியில் ஒரு விளம்பர நடிகையை உட்காரவைத்தபோது நுகர்வோர் அமைப்பினர் முகம் சுளித்தார்கள். விற்றவளையே காவலுக்கு வைக்கிறார்களே என்றுதான் யாருக்கும் தோன்றியிருக்கும்.

அவர் செய்தது என்ன? படித்தார். 51ஆம் வயதில் சட்ட முன்வரைவுகளை வரி வரியாகப் படித்து, நாடாளுமன்றக் குழுக்களின் முன் சாட்சியம் அளித்தார். அந்த இரண்டு ஆண்டுகளில் நிறைவேறிய சட்டங்கள் சாதாரணமானவை அல்ல. 1906ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாநில எல்லை கடந்து விற்கப்படும் இறைச்சிக்கு மட்டுமே மத்திய அரசின் ஆய்வு கட்டாயம். வெட்டிய மாநிலத்துக்குள்ளேயே விற்றால் தப்பிவிடலாம். அந்த ஓட்டையை அடைத்த சட்டத்தில் ஜான்சன் 1967 டிசம்பரில் கையெழுத்திட்டார். 1906ஆம் ஆண்டுச் சட்டத்துக்கே தம் எழுத்தால் வழிவகுத்த அப்டன் சிங்க்ளேர் 89 வயதில் அந்த நிகழ்ச்சிக்கு வந்திருந்தார். எளிதில் தீப்பற்றும் துணிகளைக் குறித்த பழைய சட்டம் அதே மாதம் வீட்டு விரிப்பு முதலியவற்றுக்கும் விரிந்தது. 1968 மே மாதம் கடன் விவர வெளிப்படைச் சட்டம் வந்தது.

இந்தக் கடைசிச் சட்டத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனெனில் நுகர்வோர் செய்தியாளரின் வேலை என்னவென்று இதைவிட நன்றாக வேறெதுவும் காட்டாது. 100 டாலர் கடன், ஆண்டு வட்டி 6 விழுக்காடு, 12 மாதத் தவணை என்று கடைக்காரர் சொல்கிறார். 106 டாலரைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 8 டாலர் 83 சென்ட். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் மாதமே கடனில் ஒரு பகுதியைக் கட்டிவிடுகிறீர்கள். ஆண்டு முழுவதும் சராசரியாகப் பார்த்தால் உங்கள் கையில் இருந்தது பாதித் தொகையை ஒட்டியதுதான். வட்டியோ முழு நூறுக்கும் போட்டாகிவிட்டது. ஆகவே உண்மையான ஆண்டு வட்டி 6 அல்ல, ஏறத்தாழ 11. நம் ஊரில் இருசக்கர வாகனக் கடனில் 'ஃபிளாட் வட்டி' என்று சொல்வது இதே கணக்குத்தான். இந்த உண்மை விகிதத்தைத் தாளில் எழுதித் தர வேண்டும் என்ற எளிய கோரிக்கைக்காகச் செனட்டர் பால் டக்ளஸ் 1960 முதல் போராடி, அது நிறைவேறுவதற்குள் 1966இல் தேர்தலில் தோற்றே போனார். அவருக்குப் பின் செனட்டில் பிராக்ஸ்மயரும் கீழவையில் லியோனார் சல்லிவனும் அதை முடித்துவைத்தார்கள். ஃபர்னஸ் அதற்காக வாதாடியவர்களுள் ஒருவர் மட்டுமே. சட்டம் இயற்றிய பெருமை முழுவதையும் அவருக்குக் கொடுப்பது மிகை. ஆனால் இந்தக் கணக்கை ஒரு குடும்பத் தலைவிக்கு ஒரு நிமிடத்தில் புரியவைக்கும் வித்தை அவரிடம் இருந்தது. அந்த வித்தையை அவர் கற்றது சலவை இயந்திரத்தின் பொத்தான்களை 11 ஆண்டுகள் விளக்கியதில்தான்.

ஜான்சன் ஆட்சி 1969 ஜனவரியில் முடிந்தது. அடுத்து ஃபர்னஸ் வகித்த இரு பதவிகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். 1970இல் நியூயார்க் மாநிலம் புதிதாக அமைத்த நுகர்வோர் பாதுகாப்பு வாரியத்தின் தலைவரானார். வாரியத்தால் பரிந்துரைக்க முடியும், அதற்கு மேல் எதுவும் முடியாது. சட்டமன்றம் அவர் கேட்ட சட்டங்களை நிறைவேற்றாததால் ஓராண்டு அளவிலேயே விலகிவிட்டார். 1973இல் நியூயார்க் மாநகரத்தின் நுகர்வோர் விவகார ஆணையரானார். இங்கே நிலைமை நேர்மாறு. எடைக்கல்லைச் சோதிக்கும் ஆய்வாளர்கள் உண்டு, உரிமம் தரவும் பறிக்கவும் அதிகாரம் உண்டு. இதே பதவியில் அவருக்கு முன்னிருந்த பெஸ் மையர்சன் 1945இல் 'மிஸ் அமெரிக்கா' பட்டம் பெற்றுப் பின்னர்த் தொலைக்காட்சியில் புகழடைந்தவர் என்பது ஒரு சுவையான ஒற்றுமை. மக்களுக்குத் தெரிந்த முகம் இந்தத் துறையில் தடையாக இருக்க வேண்டியதில்லை என்று அந்த நகரத்துக்கு முன்னரே தெரிந்திருந்தது.

1974இல், 58 வயதில், நியூயார்க்கின் டபிள்யூ.என்.பி.சி. நிலையத்தில் ஃபர்னஸ் நுகர்வோர் செய்தியாளராகச் சேர்ந்தார். அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காத செய்தித் துறை இப்போது அவரைத் தேடிவந்ததற்கு இரண்டு காரணங்கள். அந்த ஆண்டுதான் அந்நிலையம் தன் மாலைச் செய்தியை இரண்டு மணி நேரமாக நீட்டியது. தீ விபத்தையும் வானிலையையும் மட்டும் வைத்து இரண்டு மணி நேரத்தை நிரப்ப முடியாது. இன்னொன்று, 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்காவில் விலைவாசி 1974இல் மட்டும் 11 விழுக்காடு அளவுக்கு ஏறியது. கடையில் சில்லறை எண்ணிக்கொண்டிருக்கும் நேயருக்கு வேறெந்தச் செய்தியும் இதைவிடப் பெரிதல்ல. அக்காலத்தில் பல நகரங்களில் இத்தகைய செய்தியாளர்கள் முளைத்ததற்கும் இதுவே பின்னணி. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அவர் விசாரணை செய்யத் தொடங்கிய அதே காலகட்டத்தில், 1975இல், வெஸ்டிங்ஹவுஸ் தன் வீட்டுச் சாதனத் தொழிலையே வேறு நிறுவனத்துக்கு விற்றுவிட்டது.

அவருடைய 'பைலைன்' செய்தித் தொடருக்கு 1977ஆம் ஆண்டுக்கான பீபடி விருது கிடைத்தது. ஒளிபரப்புத் துறையில் அதற்கு மேலான மதிப்பு அரிது. இதற்கிடையே 1976இல் என்.பி.சி. நிறுவனத்தின் 'டுடே' காலை நிகழ்ச்சியைத் தொகுத்த பார்பரா வால்டர்ஸ் வேறு நிறுவனத்துக்குப் போனதும், அடுத்த தொகுப்பாளரான ஜேன் பாலி வரும்வரை சில மாதங்கள் அந்த இருக்கையிலும் ஃபர்னஸ் உட்கார்ந்தார். பிறகு அந்நிகழ்ச்சியின் நுகர்வோர் செய்தியாளராக 1992 வரை தொடர்ந்தார். அதே 1976இல் அந்நிகழ்ச்சிக்கு வந்த டாம் புரோகா, தாம் விளம்பரம் வாசிக்கப்போவதில்லை என்ற நிபந்தனையோடுதான் வந்தார். அதுவரை தொகுப்பாளரே செய்திக்கு நடுவில் விளம்பரமும் வாசிப்பது அங்கே வழக்கமாக இருந்தது. விளம்பரம் வேறு, செய்தி வேறு என்ற வரப்பு இன்று நாம் நினைப்பதுபோல் பழையதன்று. ஃபர்னஸின் காலத்தில்தான் அது மெல்ல உயர்ந்துகொண்டிருந்தது.

வரப்பைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்குப் பிரிட்டனில் ஒரு சான்று உண்டு. பி.பி.சி.யில் 1968 முதல் பெர்னார்ட் பிரேடன் நடத்திய வாராந்தர நிகழ்ச்சி நுகர்வோர் குறைகளை நகைச்சுவையோடு பேசியது. 1972இல் அவர் போட்டித் தொலைக்காட்சியில் ஒரு மார்கரின் (வெண்ணெய்க்கு மாற்றான பொருள்) விளம்பரத்தில் தோன்றினார். பி.பி.சி. அவரைக் கைவிட்டுவிட்டது. அவரிடம் ஆய்வாளராக இருந்து திரைக்கு வந்த எஸ்தர் ராண்ட்சன் 1973இல் அதன் வழித்தோன்றலான 'தட்ஸ் லைஃப்' நிகழ்ச்சியைத் தொடங்கி 21 ஆண்டுகள் நடத்தினார். விளம்பரத்திலிருந்து செய்திக்கு வந்த ஃபர்னஸ் நிலைத்தார், செய்தியில் இருந்துகொண்டே விளம்பரத்துக்குப் போன பிரேடன் இடத்தை இழந்தார். பிரேடன் நேர்மையற்றவர் என்று இதற்குப் பொருளல்ல. ஒரு மார்கரினை நல்லதென்று பணம் வாங்கிக்கொண்டு சொன்னவர், மறுவாரம் இன்னொரு நிறுவனத்தின் பொருளைக் குறை சொன்னால், அதைக் கேட்பவர் இவர் யாருக்காகப் பேசுகிறார் என்று ஒரு கணம் யோசிப்பார். அந்த ஒரு கணம் போதும். ஃபர்னஸ் விஷயத்தில் விளம்பர ஒப்பந்தம் முடிந்ததற்கும் செய்தியாளரானதற்கும் இடையே 14 ஆண்டுகள் இருந்தன. அவற்றில் சில, கடைக்காரர்களுக்கு எதிரே உட்கார்ந்து சட்டம் பேசிய ஆண்டுகள். மக்கள் அவரை நம்பியது, பழைய விளம்பரங்களை மறந்ததால் அல்ல. நடுவில் அவர் என்ன செய்தார் என்று பார்த்ததால் நம்பினார்கள்.

இனி வேலையைப் பற்றி. திரையில் தெரிவது மூன்று நிமிடம். அதற்குப் பின்னால் இருப்பது கடிதக் கட்டு. நான் ஒரு நாளிதழின் புகார்ப் பகுதியில் சில ஆண்டுகள் கடிதம் பிரித்தவன். ஊடகம் வேறானாலும் வேலை ஒன்றுதான். ஒருமுறை ஒரு அம்மா மிக்சி ஒன்றைப் பற்றி ஆறு பக்கம் எழுதியிருந்தார். மோட்டார் எரிந்தது, கடைக்காரர் திட்டினார், மகன் வெளியூரில் இருக்கிறான் என்று எல்லாம் இருந்தது. வாங்கிய தேதி மட்டும் இல்லை. பின்னால் குத்தியிருந்த உத்தரவாத அட்டையைப் பார்த்தால், விற்றவர் முத்திரை வைக்க வேண்டிய கட்டம் வெறுமையாக இருந்தது. அந்தக் கட்டத்தைப் பார்த்த பிறகு பழைய கடிதங்களைக் கிளறினேன். அதே கடையில் வாங்கிய வேறு நான்கு பேரின் அட்டைகளிலும் அந்தக் கட்டம் வெறுமைதான். ஆறு பக்கத்திலும் இல்லாத செய்தி அந்த வெற்றுக் கட்டத்தில் இருந்தது. ஒருவருடைய மிக்சி எரிந்தது அவருடைய குறை, ஐந்து பேருக்கும் முத்திரை வைக்காமல் விற்றது ஒரு பழக்கம். பழக்கம்தான் செய்தியாகும்.

அதன்பின் நிறுவனத்திடம் கேட்க வேண்டும். பதில் சொல்லப் போதிய அவகாசம் தர வேண்டும், சொன்ன பதிலை வெட்டாமல் வெளியிட வேண்டும். நிலையத்தின் வழக்கறிஞர் ஒவ்வொரு சொல்லையும் பார்ப்பார். 'ஏமாற்றினார்கள்' என்று எழுதினால் நோக்கத்தை நிரூபிக்க வேண்டும், 'பணத்தைத் திருப்பித் தரவில்லை' என்று எழுதினால் ரசீது போதும். மூன்றாவது இடையூறு சொந்த வீட்டிலிருந்தே வரும். உள்ளூர் நிலையத்துக்கு அதிக வருமானம் கார் விற்பனையாளர்களிடமிருந்தும் பெரிய கடைகளிடமிருந்தும் வருகிறது. புகார்களும் அவர்களைப் பற்றித்தான் அதிகம் வருகின்றன. விளம்பரப் பிரிவின் தொலைபேசி ஒலிக்கும்போது ஆசிரியர் என்ன பதில் சொல்வார் என்பதை வேலையில் சேரும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஃபர்னஸின் உண்மையான மூலதனம் முகமா, சட்ட அறிவா என்று கேட்டால் நான் இரண்டாவதையே சொல்வேன். அவர் செய்தியாளரான சில மாதங்களில், 1975 ஜனவரியில், பொருள் உத்தரவாதம் குறித்த மத்தியச் சட்டம் வந்தது. எழுத்தில் உத்தரவாதம் தருபவர் அது முழுமையானதா வரம்புக்குட்பட்டதா என்று தெளிவாகக் குறிப்பிட வேண்டியதாயிற்று. சாதாரணச் செய்தியாளருக்கு அது நான்கு வரிச் செய்தி. சட்ட முன்வரைவுகளோடு ஆண்டுக்கணக்கில் பழகியவருக்கு அது நூறு புகார்களுக்கான சாவி. அதிகாரமற்ற வாரியத்தில் இருந்து பார்த்துவிட்டார், அதிகாரமுள்ள துறையிலும் இருந்து பார்த்துவிட்டார். தொலைக்காட்சியில் அவருக்கு எந்த அதிகாரமும் இல்லை. ஆனால் எந்தப் புகாருக்கு எந்த அலுவலகத்தின் எந்தப் பிரிவு பொறுப்பு என்று தெரிந்த ஒருவர் ஒலிவாங்கியோடு வந்து நிற்கும்போது, மழுப்புவது கடினம்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். கேமரா போனால் அந்த ஒருவருக்குப் பணம் திரும்பக் கிடைக்கும். வரிசையில் அடுத்து நிற்பவருக்குக் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. இந்தத் துறையில் நீண்ட நாள் இருப்பவர்கள் இந்த அலுப்பை உணராமல் இருப்பதில்லை. தனிப் புகாரைத் தீர்த்ததோடு நிற்காமல் விதியை மாற்றக் கேட்கும் செய்திகளுக்கே நீண்ட ஆயுள் உண்டு.

வயதைப் பற்றிய உங்கள் மூன்றாவது ஐயத்துக்கு வருகிறேன். ஃபர்னஸ் 58இல் தொடங்கி 76 வரை திரையில் இருந்தார். இரைப்பைப் புற்றுநோய் வந்த பிறகும் வேலைக்குப் போனார். 1992இல் நிறுவனம் அவரைப் பணியிலிருந்து அனுப்பியபோதும் போக அவருக்கு மனமில்லை. 1994 ஏப்ரலில் இறந்தார். ஆகவே 31 தாமதமில்லை. நீங்கள் இப்போது கவலைப்பட வேண்டியது வேறு. அந்த வீட்டுமனை நிறுவனத்தின் விளம்பரம் இன்னும் ஓடுகிறதா, ஒப்பந்தப்படி உங்கள் முகத்தை அவர்கள் எந்தத் தேதிவரை பயன்படுத்தலாம், அந்தத் தேதிக்குப் பின்னும் பயன்படுத்த இடம் தரும் வரி ஏதாவது சிறு எழுத்தில் இருக்கிறதா என்று தாளை எடுத்துப் பாருங்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்தத் தேதியை நீங்களாகவே எழுதிக் கொடுங்கள். மனை தொடர்பான புகார் எதையும் சில ஆண்டுகளுக்கு நீங்கள் தொடாமல், சக செய்தியாளரிடம் விட்டுவிடுவதாகவும் அதிலேயே சேர்த்து எழுதுங்கள்.